மூச்சு வாங்கினால் எங்கே தடை என்று பாருங்கள்

தோட்டத்து டிஸ்பென்சரி வாங்கில் ஒரே காலையில் மூன்று பேர் "மூச்சு வாங்குது" என்று வந்து உட்காருகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். காலமெல்லாம் அடுப்படியில் ஊதாங்குழலோடு இருந்த பாட்டிக்குச் சுவாசப்பையின் சிற்றறைச் சுவர்கள் அழிந்திருக்கலாம். ஆறு மாதக் கர்ப்பிணிக்குச் சுவாசப்பை நன்றாகவே இருந்து, குருதியில் ஒட்சிசனைச் சுமக்கும் ஈமோகுளோபின் குறைந்திருக்கலாம். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்களத்துப் பனியில் இருமிக்கொண்டு நின்ற இளைஞனுக்குக் காற்றுக் குழாய்கள் சுருங்கியிருக்கலாம். மூவருக்கும் ஒரே பாணி மருந்தைக் கொடுத்து அனுப்பினால் மூவருக்கும் பயனில்லை.

வெளிக்காற்றின் ஒட்சிசன் கால் தசைக்குப் போய்ச்சேர, முதலில் காற்று சிற்றறைவரை இறங்க வேண்டும். பிறகு ஒட்சிசன் சிற்றறைச் சுவரைத் தாண்ட வேண்டும், செங்குழியத்தில் ஏற வேண்டும், ஏறியதை இதயம் தள்ள வேண்டும். தடை இதில் எங்கே என்று தெரிந்தால்தான் மருந்தும் சரியாக வரும், வீட்டில் எதை மாற்றுவது என்பதும் தெரியும். உயர்தர உயிரியலில் "வாயுப் பரிமாற்றத்துக்கான இசைவாக்கங்கள்" என்று நாலு வரியில் எழுதிப் புள்ளி வாங்குகிற விடயம்தான் இது. லயத்து வீடுகளில் நாங்கள் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருப்பதும் இதுதான்.

பரப்பும் சுவரும்

வளர்ந்த ஒருவரின் இரண்டு சுவாசப்பைகளிலும் சேர்த்து 30 முதல் 50 கோடி சிற்றறைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் 0.2 மில்லிமீற்றர் அளவுதான். எல்லாவற்றையும் விரித்தால் ஏறக்குறைய 70 சதுர மீற்றர் வரும். 10க்கு 12 அடி லயத்துக் காம்பராக்கள் (அறைகள்) ஆறின் தரை அவ்வளவும் நெஞ்சுக்குள் மடிந்து கிடக்கிறது. காற்றையும் குருதியையும் பிரிக்கும் சுவரின் தடிப்பு சுமார் 0.5 மைக்ரோமீற்றர், அதாவது ஒரு மில்லிமீற்றரின் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. ஒரு வாயு பரவும் வேகம் பரப்பு கூடினால் கூடும், சுவர் தடித்தால் குறையும், இரு பக்கத்து அமுக்க வித்தியாசம் குறைந்தாலும் குறையும். சுவாசப்பை நோய்களில் பெரும்பாலானவற்றை இந்த மூன்றில் ஒன்றின் கீழ் வைத்துவிடலாம்.

ஓய்வாக இருக்கும்போது ஒரு செங்குழியம் சிற்றறையைச் சுற்றிய மயிர்த்துளைக்குழாயில் 0.75 செக்கன் இருக்கிறது. ஒட்சிசன் நிரம்ப 0.25 செக்கன் போதும். மீதி நேரம் சேமிப்பு. மலை ஏறும்போது குருதி விரைந்து ஓடுவதால் அந்த நேரம் சுருங்கிவிடும், ஆனாலும் சேமிப்பு இருப்பதால் நலமான சுவாசப்பை சமாளித்துவிடும். நியூமோனியாவில் நீர் கோத்தாலோ, சுவர் தடித்துவிட்டாலோ இந்தச் சேமிப்புத்தான் முதலில் கரைகிறது. அதனால் உட்கார்ந்திருக்கையில் ஒட்சிமீற்றர் (விரலில் மாட்டி, ஈமோகுளோபின் எத்தனை வீதம் ஒட்சிசனால் நிரம்பியது என்று பார்க்கும் கருவி) 96 காட்டியவருக்கு இஸ்தோப்பில் (வீட்டு முன் திண்ணையில்) நாலு நடை நடந்ததும் 90க்கு இறங்கும். காய்ச்சலும் இருமலுமாக வருபவரை உட்காரவைத்து மட்டும் அளந்துவிட்டு "சரியாத்தான் இருக்கு" என்று அனுப்புவது ஆபத்து. இருந்த இடத்திலேயே மூச்சு வாங்காதவராக இருந்தால், ஒரு நிமிடம் கதிரையில் உட்கார்ந்து எழும்பச் செய்து திரும்ப அளவுங்கள். 3, 4 புள்ளி இறங்கினால் ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டியவர்.

சிற்றறையின் உட்பக்கம் ஈரமாக இருக்க வேண்டும், ஒட்சிசன் கரைந்துதான் கடக்கும். ஈரமாக இருந்தால் நீரின் மேற்பரப்பு இழுவிசை சிற்றறையைச் சுருட்டிவிடப் பார்க்கும். அதைத் தடுக்கும் வழவழப்பான பொருளைச் சிற்றறைக் கலங்களே சுரக்கின்றன. கருவில் அது போதிய அளவுக்கு வர 34, 35 வாரமாகும். அதற்கு முன் பிறக்கும் பிள்ளை ஒவ்வொரு மூச்சுக்கும் ஒட்டிய சிற்றறைகளைத் திறக்கப் போராடுகிறது. தாய்க்கு முன்கூட்டியே போடும் ஸ்டீரொயிட் ஊசி பிள்ளையின் சுவாசப்பையை முதிரச் செய்யும், ஆனால் முழுப் பலன் கிடைக்க ஒரு நாளுக்கு மேல் வேண்டும். ஆகவே 34 வாரத்துக்கு முன் வயிறு இழுத்துப் பிடித்தாலோ நீர் போனாலோ, "விடியட்டும்" என்று காத்திருக்கக் கூடாது. இரவோடு இரவாக லொறி பிடித்தாவது இறங்க வேண்டும். அந்த ஊசிக்குக் கிடைக்கும் ஒவ்வொரு மணித்தியாலமும் பெறுமதியானது.

பனியும் மூக்கும்

நுவரெலியாவில் விடியற்காலை 10 பாகைக் குளிரில் மூடுபனி முகத்தை நனைக்கும். அந்தக் காற்று ஈரம் நிறைந்தது என்றே தோன்றும். 10 பாகையில் ஒரு கனமீற்றர் காற்று தாங்கக்கூடிய நீராவி சுமார் 9 கிராம். அதே காற்று உடலுக்குள் 37 பாகைக்குச் சூடாகும்போது 44 கிராம் கேட்கிறது. மீதி 35 கிராமையும் மூக்கும் தொண்டையும்தான் கொடுக்க வேண்டும். மூக்கினுள் சுருண்டிருக்கும் எலும்பு மடிப்புகளும் அவற்றின் மேல் நிறைந்த குருதிக் குழாய்களும் இதற்காகவே இருக்கின்றன. வாயால் மூச்சு விட்டால் இந்த வேலை குறைந்து, குளிர்ந்த வறண்ட காற்று நேரே குழாய்களுக்குப் போகும். இழுப்பு (ஆஸ்துமா) உள்ளவருக்குக் குழாய் சுருங்க அதுவே போதும்.

பெரட்டுக்குப் போகும்போது மூக்கையும் வாயையும் சேர்த்து மூடி ஒரு பருத்தித் துணியோ கம்பளி மப்ளரோ சுற்றிக்கொள்வது வெறும் பழக்கம் இல்லை. வெளிவிடும் மூச்சின் சூட்டையும் ஈரத்தையும் துணி பிடித்து வைத்து அடுத்த மூச்சுக்குத் திருப்பிக் கொடுக்கிறது. தலையை மட்டும் மூடிக்கொண்டு மூக்கைத் திறந்துவிடுவதுதான் அதிகம் காணும் தவறு. மூக்கடைப்பு உள்ளவர் மலைக்கு ஏறுமுன் உப்புநீரால் மூக்கைக் கழுவினால் நல்லது. கொதித்து ஆறிய நீர் 250 மில்லிலீற்றருக்கு அரைத் தேக்கரண்டி உப்பு போதும்.

உயரம் எவ்வளவு பாதிக்கிறது

வெளியூரிலிருந்து வருபவர்கள் நுவரெலியாவில் "ஒட்சிசன் குறைவு" என்பார்கள். காற்றில் ஒட்சிசனின் பங்கு எங்கும் 21 வீதம்தான், குறைவது அமுக்கம். கடல்மட்டத்தில் 760 மில்லிமீற்றர் இரசம் இருப்பது, 1868 மீற்றர் உயரத்து நுவரெலியாவில் ஏறக்குறைய 605ஆக இறங்குகிறது. மூக்கில் சேரும் நீராவிக்கு 47ஐக் கழித்துவிட்டு 21 வீதம் எடுத்தால், உள்ளே போகும் ஒட்சிசனின் அமுக்கம் கொழும்பில் சுமார் 150, நுவரெலியாவில் சுமார் 117. பருப்பு வேக நேரமெடுப்பதும் இந்த அமுக்கக் குறைவால்தான், தண்ணீர் இங்கே 94 பாகையளவிலேயே கொதித்துவிடுகிறது.

ஆனால் ஈமோகுளோபின் ஒரே சீராக ஒட்சிசனை விடுவதில்லை. அமுக்கம் 100இலிருந்து 70க்கு இறங்கினாலும் அது நிரம்பியிருப்பது 97இலிருந்து 94க்குத்தான் இறங்கும். 60க்குக் கீழே போனால்தான் சரிவு செங்குத்தாகிறது. ஆகவே கொழும்பில் 98 காட்டிய நலமான ஒருவருக்கு நுவரெலியாவில் 95, 96 காட்டினால் பயப்பட ஒன்றுமில்லை. அதே சமயம் அவர் ஏற்கெனவே சரிவின் விளிம்புக்கு நெருங்கி நிற்கிறார் என்பதையும் மறக்கக் கூடாது. நியூமோனியா வந்தால் அவருக்கு இறங்க இடம் குறைவு.

சிவனொளிபாதமலை 2243 மீற்றர். நல்லதண்ணியிலிருந்து ஏறுபவர் பாதிவழியில் மூச்சிரைப்பதற்கு உயரத்தைவிடப் படிகளே காரணம். உயரத்தால் வரும் மலைநோய் பெரும்பாலும் 2500 மீற்றருக்கு மேல்தான் தொடங்கும், நம் நாட்டில் அதைத் தொடுவது 2524 மீற்றர் பீதுருதாலகால மட்டுமே. நெஞ்சில் பாரம், இடது கையில் வலி, குளிர் வியர்வை என்று வந்தால் "உயரம்தான், மேலே போனால் சரியாகும்" என்று யாரையும் இழுத்துக்கொண்டு ஏறாதீர்கள். அது இதயம்.

ஒட்சிமீற்றரை மலைநாட்டில் பாவிக்க ஒரு பழக்கம் வேண்டும். குளிர்ந்த விரலில் குருதி ஓட்டம் குறைவதால் கருவி பொய் சொல்லும். கையை இரண்டு மூன்று நிமிடம் தேய்த்துச் சூடாக்கி, நகச்சாயமோ மருதாணியோ இல்லாத விரலில் மாட்டி, கையை நெஞ்சுயரத்தில் அசையாமல் வைத்து, எண் ஒரு நிலைக்கு வர அரை நிமிடமாவது பொறுங்கள். கருவி காட்டும் நாடித்துடிப்பும் நீங்கள் மணிக்கட்டில் எண்ணுவதும் ஒத்துப்போகாவிட்டால் அந்த எண்ணை நம்ப வேண்டாம்.

குருதியில் இடமில்லாவிட்டால்

ஒட்சிமீற்றர் காட்டுவது இருக்கும் ஈமோகுளோபினில் எத்தனை வீதம் நிரம்பியது என்பதை மட்டும். ஈமோகுளோபின் எவ்வளவு இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. ஒரு கிராம் ஈமோகுளோபின் 1.34 மில்லிலீற்றர் ஒட்சிசனைச் சுமக்கும். 100 மில்லிலீற்றர் குருதியில் 13 கிராம் உள்ள பெண்ணுக்கு அந்தக் குருதியில் சுமார் 17 மில்லிலீற்றர் ஒட்சிசன் இருக்கும். 8 கிராம் உள்ளவருக்கு 11ஐத் தொடாது. இருவருக்கும் கருவி 97 காட்டும். சும்மா இருக்கும்போது உடல் அதில் 5 மில்லிலீற்றரைத்தான் எடுக்கிறது, அதனால் வீட்டில் இருக்கையில் தெரியாது. கொழுந்துக் கூடையோடு மேட்டு மலைக்கு ஏறும்போது இதயம் படபடக்கும், மூச்சு வாங்கும், கண் இருளும். இதைச் சோம்பல் என்று சொல்வது பெரிய அநியாயம்.

கர்ப்பிணிக்கு 11, மற்றப் பெண்களுக்கு 12 கிராமுக்குக் கீழ் என்றால் குருதிச்சோகை. உயரத்தில் வாழ்பவர்களின் உடல் இயல்பாகவே சற்றுக் கூடுதலாக ஈமோகுளோபின் செய்வதால், அவர்களுக்கு இந்த எல்லையை இன்னும் கொஞ்சம் உயர்த்தித்தான் பார்க்க வேண்டும். நுவரெலியாவில் இருக்கும் ஒருத்திக்கு 12.1 வந்தால் "எல்லைக்கு மேலே" என்று விட்டுவிட முடியாது.

தேயிலை மண்ணில் இதைச் சொல்வது எளிதல்ல, ஆனாலும் சொல்ல வேண்டும். ரொட்டியோடும் சோற்றோடும் சேர்த்துக் குடிக்கும் பிளேன்டீ மரக்கறியிலும் பருப்பிலும் இருக்கும் இரும்பைக் குடலில் பிடித்துக்கொள்கிறது. தேநீரைக் கைவிடச் சொல்லவில்லை. சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் ஒரு மணித்தியாலம் தள்ளிக் குடித்தால் போதும். கிளினிக்கில் தரும் இரும்பு மாத்திரையைத் தேநீரில் விழுங்குவதைத்தான் முதலில் நிறுத்த வேண்டும். தண்ணீரிலோ தேசிக்காய்ச் சாற்றிலோ விழுங்கினால் நன்றாக உறிஞ்சும். மலம் கறுப்பது மாத்திரையால்தான், அதற்காக நிறுத்த வேண்டாம். வயிறு பிரட்டினால் இரவு படுக்கும்போது எடுக்கலாம்.

குருதியில் இடம் பிடித்துக்கொள்ளும் இன்னொரு எதிரி காபனோரொட்சைட்டு. ஒட்சிசனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக அது ஈமோகுளோபினைப் பற்றிக்கொள்ளும். தை, மாசிக் குளிரில் தணல் சட்டியைக் காம்பராவுக்குள் வைத்து, யன்னலை அடைத்து, இடுக்கில் சாக்கைத் திணித்துத் தூங்கினால் நடப்பது இதுதான். தணலில் புகை இல்லை, மணம் இல்லை, அதனால்தான் பயம் வருவதில்லை. ஒரே அறையில் படுத்த பலருக்கு ஒன்றாகத் தலைவலியும் குமட்டலும் வந்து, வெளியே வந்ததும் குறைந்தால் சந்தேகமே வேண்டாம். சாதாரண ஒட்சிமீற்றர் இந்த வாயு பிடித்த ஈமோகுளோபினையும் ஒட்சிசன் என்றே எண்ணி 98 காட்டும். எண்ணை நம்பாமல் ஆளை வெளியே தூக்கி, ஆஸ்பத்திரியில் ஒட்சிசன் கொடுக்க வேண்டும். வெறும் காற்றில் இந்த வாயுவின் பாதி குருதியை விட்டுப் போக நாலைந்து மணித்தியாலமாகும், சுத்த ஒட்சிசனில் ஒன்றரை மணித்தியாலத்துக்குள் போய்விடும். யாத்திரைக் காலத்தில் வேன் எஞ்சினை ஓடவிட்டு உள்ளே தூங்கும் சாரதிகளுக்கும் இதே ஆபத்து.

அடுப்புப் புகை

காற்றிலுள்ள பெரிய தூசி மூக்கு மயிரிலும் சீதத்திலும் ஒட்டும். நடுத்தரமானது குழாய்களில் ஒட்டி, அங்கேயுள்ள நுண் பிசிர்கள் அதைச் சீதத்தோடு மேலே தள்ளித் தொண்டைக்குக் கொண்டுவரும். விறகுப் புகையின் துணிக்கைகள் பெரும்பாலும் 2.5 மைக்ரோமீற்றருக்கும் சிறியவை. அவை பிசிரே இல்லாத சிற்றறைவரை போகும். அதோடு புகை பிசிர்களின் அசைவையும் மந்தமாக்கும். வருடக்கணக்கில் இது நடந்தால் சிற்றறைகளுக்கிடையே உள்ள சுவர்கள் உடைந்து, பல சிறு அறைகள் சில பெரிய அறைகளாகும். காற்று அதேயளவு கொள்ளும், பரப்புப் போய்விடும். போன சுவர் திரும்ப வளராது. சிகரெட்டைத் தொடாத பாட்டிமாருக்கும் இந்த நோய் வருவதற்குக் காரணம் இது. சேலைத் தலைப்பை மூக்கில் பொத்தினால் இந்த நுண்துணிக்கைகள் நிற்காது.

வீட்டில் செய்யக்கூடியது நிறைய உண்டு. கவ்வாத்து மிளாறு (தேயிலைச் செடியிலிருந்து வெட்டிய குச்சிகள்) ஈரமாக இருந்தால் எரிவதைவிடப் புகைவதுதான் அதிகம். வெட்டியதும் மழை படாமல் காற்றோட்டமாக அடுக்கி, சில மாதம் கழித்தே எரியுங்கள். மழைக்காலத்தில் ஒரு கிழமைக்குத் தேவையானதை அடுப்புக்கு மேல் பரணில் வைத்தால் சமையல் சூட்டிலேயே காய்ந்துவிடும். இரண்டு சட்டி வைக்கும் அனகி அடுப்பு விறகைச் சேமிக்கும், புகையையும் குறைக்கும், ஆனால் அதற்குப் புகைபோக்கி இல்லை. ஆகவே அடுப்புக்கு மேலே கூரையோரம் ஒரு திறப்பும், எதிர்ப்பக்கம் தாழ்வாக ஒரு திறப்பும் வேண்டும். கீழே குளிர்காற்று நுழைந்து மேலே புகையைத் தள்ளும். மேலே மட்டும் திறந்தால் புகை தயங்கிச் சுழலும். புகைபோக்கிக் குழாய் வைப்பவர்கள் அதைக் கூரை முகட்டுக்கு மேலே குறைந்தது இரண்டு அடி உயர்த்துங்கள். இல்லாவிட்டால் மலைக்காற்று புகையை வீட்டுக்குள்ளேயே திருப்பி அடிக்கும். மாதமொரு தடவை கரியைத் தட்டி எடுங்கள்.

எல்லாவற்றையும்விட, அடுப்பை ஊதும்போது பிள்ளையை இடுப்பில் வைத்திருக்காதீர்கள். சிற்றறைகளின் பெரும்பகுதி பிறந்த பின்தான் உருவாகிறது, முதல் இரண்டு மூன்று வயதில்தான் வேகமாக. அந்த வயதில் இழக்கும் பரப்பு ஆயுளுக்கும் குறைவாகவே இருக்கும்.

சுவர் உடைந்துவிட்ட பாட்டிக்கு மூச்சை மாற்றக் கற்றுக்கொடுக்கலாம். ஒரு மூச்சில் 500 மில்லிலீற்றர் எடுத்தால் அதில் 150 பரிமாற்றம் நடக்காத குழாய்களிலேயே நின்றுவிடும். நிமிடத்துக்கு 12 தடவை என்றால் சிற்றறைக்குப் போவது 4200. அதே 6 லீற்றரை 250 மில்லிலீற்றராக 24 தடவை மேலோட்டமாக எடுத்தால் சிற்றறைக்குப் போவது 2400 மட்டும். பதறிப் பதறி மூச்சு வாங்குவது ஏன் திருப்தி தருவதில்லை என்று இந்தக் கணக்கு சொல்லும். மூக்கால் இரண்டு எண்ணும்வரை இழுத்து, விசிலடிப்பதுபோல உதட்டைக் குவித்து நாலு எண்ணும்வரை மெதுவாக விடச் சொல்லுங்கள். குவிந்த உதடு உள்ளே சிறு அமுக்கத்தைத் தக்கவைப்பதால் தளர்ந்த குழாய்கள் மூடிக்கொள்ளாமல் காற்று வெளியே வரும்.

பிள்ளைகளும் பம்ப்பும்

குழாயின் ஆரை பாதியானால் காற்றுக்கு வரும் தடை 16 மடங்காகிறது. பிள்ளைகளின் குழாய் ஏற்கெனவே சிறியது, கொஞ்சம் வீங்கினாலே வீசிங் கேட்கும். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு இருமலோடு மூச்சு வேகமென்றால் சட்டையைத் தூக்கி, அழாமல் அமைதியாக இருக்கும்போது, வயிற்றைப் பார்த்து முழு ஒரு நிமிடம் எண்ணுங்கள். 15 செக்கன் எண்ணி நாலால் பெருக்குவது பிழைக்கும், பிள்ளைகளின் மூச்சு சீராக இருப்பதில்லை. இரண்டு மாதத்துக்குட்பட்டவருக்கு 60, 2 முதல் 11 மாதம்வரை 50, ஒன்று முதல் ஐந்து வயதுக்குள் 40, இவற்றைத் தொட்டாலே வேகம். மூச்சை இழுக்கும்போது கீழ் நெஞ்சு உள்ளே போனாலோ, மூக்கு விரிந்தாலோ, முனகினாலோ, பால் குடிக்க முடியாமல் போனாலோ எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம், புறப்படுங்கள்.

இழுப்புக்கு வாயால் இழுக்கும் மருந்துப் பம்ப்பில் (இன்ஹேலர்) இரண்டு வகை. நீலப் பம்ப் உடனே குழாயை விரிக்க. பழுப்புப் பம்ப் நாளாந்தம் வீக்கத்தைக் குறைக்க. பழுப்பை இழுப்பு வந்த பிறகு அடிப்பதும், குறைந்ததும் நிறுத்துவதும் பொதுவாக நடக்கும் பிழைகள். அதை அடித்த பின் வாயைக் கொப்பளித்துத் துப்ப வேண்டும். பம்ப்பை மெதுவாக ஆழமாக இழுத்து 10 செக்கன் பிடிக்க வேண்டும். கூட்டுக்குள் வைத்து இழுக்கும் மருந்துத்தூள் கெப்ஸியூலுக்கோ இதற்கு நேர்மாறு, அதை வேகமாகப் பலமாக இழுக்காவிட்டால் தூள் உள்ளேயே நின்றுவிடும்.

ஸ்பேசர் (பம்ப்புக்கும் வாய்க்கும் இடையே மாட்டும் கூடு) இல்லாத வீட்டில் 500 மில்லிலீற்றர் பிளாஸ்டிக் தண்ணீர்ப் போத்தலால் செய்துகொள்ளலாம். அடிப்பாகத்தில் பம்ப் வாயின் வடிவத்தைக் குறித்து, சூடாக்கிய கம்பியால் உருக்கி ஓட்டையிட்டு, பம்ப் இறுக்கமாக நுழையும்படி செய்யுங்கள், இடைவெளி இருந்தால் பசை நாடாவால் அடையுங்கள். போத்தலின் வாயைப் பிள்ளை உதடுகளால் கவ்வ வேண்டும். சவர்க்கார நீரில் கழுவி, துடைக்காமல் நீர் வடிய விட்டுக் காயவையுங்கள். துடைத்தால் நிலைமின் ஏறி மருந்து சுவரில் ஒட்டிவிடும்.

இழுப்பு வந்தால் பிள்ளையைப் படுக்கவிடாமல் நிமிர்த்தி உட்காரவையுங்கள். நீலப் பம்ப்பைக் குலுக்கி ஒரு அடி, நாலு மூச்சு. மறுபடி குலுக்கி ஒரு அடி, நாலு மூச்சு. இப்படி நாலு அடி. ஒரே தடவையில் இரண்டு மூன்று அடித்தால் துளிகள் ஒன்றோடொன்று மோதிப் பெரிதாகி உள்ளே போகாது. நாலு நிமிடம் பொறுத்து, குறையாவிட்டால் மீண்டும் நாலு. பேச முடியாமல் போனாலோ, உதடு நீலமானாலோ முதல் அடியோடு சேர்த்தே 1990 அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அழைத்து, தோட்டம், டிவிசன், லயத்தின் பெயரைச் சொல்லி, வண்டி வரும் வரை அடித்துக்கொண்டே இருங்கள். வண்டி ஏற முடியாத ரோட்டாக இருந்தால் எந்தச் சந்தியில் நிற்பீர்கள் என்பதையும் அதே அழைப்பிலேயே சொல்லிவிடுங்கள்.